நைனா ஊடு

பகல் பதினொன்று இருபதுக்கு அம்மா அந்தக் காரின் கதவைச் சாத்தினாள். நேரம் எனக்கு நிமிடம் பிசகாமல் தெரியும். காரின் முகப்பிலிருந்து கழற்றிய வட்டக் கடிகாரத்தை நைனா ஒரு பழைய பேட்டரியில் இணைத்து எங்கள் வீட்டு ஜன்னல் கட்டையில் வைத்திருந்தார். ‘டொப்’ என்று கனமாகக் கதவு விழுந்தபோது நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம், காருக்குள், நாலரை வயதுத் தம்பி இருந்தான். அம்மாவுக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் அவனை அங்கே அனுப்பியவள் நான்தான்.

நாற்பது வருடங்களுக்குப் பிறகு இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகன். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். போன மாதம் இரண்டு கதவு வைத்த ஒரு பழைய காரை நண்பர்களோடு சேர்ந்து வாங்கி, கயிறு கட்டி இழுத்து வந்து எங்கள் போர்ட்டிகோவில் நிறுத்தினான். உள்வேலையை வீட்டிலேயே செய்யப் போகிறானாம். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து சீட்டைக் கழற்றினான், தரை விரிப்பைக் கிழித்தான். போன வாரம் ஒரு நாள் காலையில் அவனுக்குக் காபி எடுத்துக்கொண்டு போனேன். உள்பக்கக் கைப்பிடிகள் ஒரு துணியில் வரிசையாகக் கிடந்தன.

அன்று சாயங்காலமே ஒரு பழைய புடவையைக் கிழித்து, இரண்டு கதவும் மூட முடியாதபடி தூணோடு கட்டிவிட்டேன்.

“அம்மா, எனக்கு இருபத்தி நாலு வயசாவுது. நான் உள்ள மாட்டிக்கினு அழ மாட்டேன்” என்றான்.

“உனக்காக இல்லடா” என்றேன்.

உங்களுக்கு இது புரியும். நம் வயதில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள், அவர்கள் போனை எடுக்காத அரைமணி நேரத்தில் எங்கெல்லாம் போய்விட்டு வருகிறோம் என்று நமக்குத்தான் தெரியும். என்னுடைய அரைமணி நேரங்கள் எல்லாம் அந்த ஒரு பகலிலிருந்து வருகின்றன.

அப்போது சோழவரம் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். நைனாவின் சொந்த ஊர் ஆந்திர எல்லையில் ஆரம்பாக்கம் பக்கம். அதனால்தான் நாங்கள் அவரை அப்பா என்று கூப்பிடாமல் நைனா என்போம். அவருடைய வீட்டில் அவருக்கு முன்னால் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். இவர் கும்மிடிப்பூண்டியில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட் தைக்கச் சேர்ந்தார். அங்கே இவருடைய தையலைப் பார்த்துவிட்டுத்தான் பட்டணத்துக்காரர் ஒருவர் தேடி வந்தார். ஒரு காலத்தில் ஏரிக்கு அந்தப் பக்கம் கார் பந்தய மைதானத்தில் ஓடிய அமெரிக்க வண்டி அவரிடம் இருந்தது. எட்டு சிலிண்டர், இரண்டே கதவு. அதன் மூக்கு மட்டும் எங்கள் சமையலறையைவிட நீளம். எஞ்சினைப் பட்டணத்திலேயே சரி செய்துவிட்டார்கள். சீட், கதவுப் பலகை, கூரைத் துணி, தரை விரிப்பு எல்லாம் பொங்கலுக்குப் பிறகு வரும் பந்தயத்துக்குள் புதிதாக வேண்டும். பட்டறையில் வைத்துச் செய்தால் தூசி. நைனா பத்து நாள் லீவு போட்டுவிட்டு வண்டியை எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் நிறுத்தச் சொன்னார்.

பழைய சீட்டைப் பிரித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஸ்பாஞ்சு கையில் எடுத்ததும் மஞ்சள் மாவாக உதிர்ந்தது. எலி மூத்திர வாடை, பெட்ரோல் வாடை, எப்போதோ யாரோ பூசியிருந்த பவுடரின் வாசம், எல்லாம் கலந்து வந்தது. சீட்டுக்கு அடியிலிருந்து ஹேர்பின்கள், ஊர் தெரியாத ஒரு நாணயம், மூக்குக் கண்ணாடியின் ஒற்றைக் கால், பல் உடைந்த சீப்பு என்று வரிசையாக எடுத்தோம். நாணயத்தைத் தம்பி வாயில் போட்டுக்கொண்டான். அதை வெளியே எடுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். பிறகு அது எங்கேயோ தொலைந்துபோனது.

தரை விரிப்பைத் தூக்கியபோது தகடு துருப்பிடித்து, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை இருந்தது. கீழே மண்ணும் ஒரு செருப்பும் தெரிந்தன.

“சார், உள்ள குந்திக்கினு பாத்தா ரோடு தெரியுது” என்றார் நைனா.

பட்டணத்துக்காரர் குனிந்து பார்த்தார். “ஏசி வச்ச வண்டின்னு சொல்லிதான் எங்கப்பாகிட்ட வித்தாங்க. இதுதான் போலிருக்கு” என்றார்.

புது ரெக்சின் மாதுளம்பழத் தோல் நிறம். சுருளைப் பிரித்தால் வீடு முழுக்க அந்த வாசம். நைனா காலையில் நாஷ்டாவை முடித்துக்கொண்டு காருக்குள் போனால் வெளிச்சம் இருக்கும்வரை வெளியே வர மாட்டார். மதியச் சாப்பாட்டுக்கு நாலு முறை கூப்பிட வேண்டும். ஐந்தாவது முறை அம்மா எங்களைப் பார்த்து, அவர் காதில் விழும்படி, “அதான் உங்க நைனா ஊடு. இங்க சும்மா விருந்தாளியா வந்து துன்னுட்டுப் போறாரு” என்பாள்.

காருக்குள்ளிருந்து குரல் வரும். “விருந்தாளிக்கு இன்னா கறியா ஆக்கிப் போட்ட? மூணு நாளா கத்திரிக்கா.”

அம்மா அதை இரண்டு மூன்று முறைதான் சொல்லியிருப்பாள். சொன்னவள் மறந்துவிட்டாள். தம்பியோ அதைப் பெயராகவே எடுத்துக்கொண்டான். அவனுக்கு அந்தக் கார் ‘நைனா ஊடு’. எனக்கும் கொஞ்ச நாளில் அப்படியே பழகிவிட்டது.

அரையாண்டு விடுமுறை. கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். எதிர்வீட்டு அத்தை கொடுத்த அதிரசம் இன்னும் தூக்குச்சட்டியில் இருந்தது. சொந்த அத்தை இல்லை, ஆனால் அம்மாவை அண்ணி என்றும் நைனாவை அண்ணே என்றும் கூப்பிடுவாள்.

அன்று காலை நைனா கூரைத் துணியை ஒட்ட சொல்யூஷன் பசை தடவினார். வாடை போகட்டும் என்று ஒரு பக்கக் கதவைத் திறந்து வைத்தார். லாரிப் புழுதி ஒட்டக் கூடாதென்று கண்ணாடிகளை முழுக்க ஏற்றி, வண்டிக்கு மேல் தார்பாயை இழுத்துவிட்டார். இரண்டு கதவின் உள்பக்கக் கைப்பிடிகளையும் கண்ணாடி ஏற்றும் பிடிகளையும் கழற்றித் துரு போகப் பின்பக்கத்தில் ஒரு பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார். பிறகு நூல் வாங்கச் செங்குன்றத்துக்குப் பஸ் ஏறினார். அம்மா தண்ணீருக்குப் போனாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் நான். எனக்குப் பத்து வயது.

தையல் மிஷினை நாங்கள் தொடவே கூடாது. எனக்கோ மீந்துபோன சிவப்பு ரெக்சினில் ஒரு பர்ஸ் தைத்துக்கொள்ள ஆசை. இரண்டு துண்டை மடித்து ஊசிக்கு அடியில் கொடுத்து மிதித்தேன். நாலு தையல் விழுந்தது. ஐந்தாவதில் ஊசி ‘டிக்’ என்று உடைந்து துண்டு எங்கோ தெறித்தது. திரும்பினால் வாசற்படியில் தம்பி.

“நைனாகிட்ட சொல்றேன்” என்றான்.

“போய் சொல்லு போ. நைனா ஊட்டுலதான் கீறாரு.”

நைனா அங்கே இல்லையென்று தெரிந்தே சொன்னேன். போய்த் தேடிவிட்டுத் திரும்பி வருவதற்குள் ஊசித் துண்டை எடுத்துவிடலாம் என்று கணக்கு. தரையில் கையால் துழாவி எடுத்தேன். மிஷினைத் துடைத்தேன். நிமிர்ந்து ஜன்னல் கட்டைக் கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் அந்த ‘டொப்’.

தண்ணீர்க் குடத்தோடு வந்த அம்மா, தார்பாய்க்குள் கதவு திறந்து கிடந்ததையும் சொல்யூஷன் வாடை சமையலறைவரை அடித்ததையும் பார்த்துக் கடுப்பாகி, இடுப்பில் குடத்தோடு ஒற்றைக் கையால் கதவைத் தள்ளிச் சாத்தியிருக்கிறாள். பிறகு குடத்தை இறக்கி வைத்துவிட்டு, காற்றில் அடித்துக்கொண்டிருந்த தார்பாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. நைனாவைத் தேடிப் போனவன், பின்னால் குவித்திருந்த பழைய விரிப்புகளின் மேல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டிருந்தான். அன்று விடியற்காலையிலேயே எழுந்த பிள்ளை.

பன்னிரண்டு மணிவரை யாரும் தேடவில்லை. நான் பர்ஸை ஒளித்து வைத்தேன். அம்மா சாதம் வடித்துவிட்டு, “தம்பி எங்கடி?” என்றாள். தெரியாது என்றேன். “நீ பாக்கலியா?” பார்க்கவில்லை என்றேன். முதல் பொய் அது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிடமும் அதைத் திருப்பி எடுப்பது கஷ்டமாகிக்கொண்டே போனது.

அம்மா தெருவில் இறங்கிக் கூப்பிட்ட சத்தத்துக்கு எதிர்வீட்டு அத்தை வந்தாள்.

“இன்னா அண்ணி, சின்னவனத் தேடறியா? நான் பாத்தனே. ‘எங்கடா தொர கெளம்பிட்ட’ன்னு கேட்டேன். ‘நைனா ஊட்டுக்கு’ன்னான். மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு போனான்.”

“நைனா ஊட்டுக்கா?” அம்மாவின் குரல் மாறியது. “ஆரம்பாக்கத்துக்கா?”

முந்தின நாள் சாயங்காலம்தான் பொங்கலுக்கு ஆரம்பாக்கம் போவதா வேண்டாமா என்று அம்மாவுக்கும் நைனாவுக்கும் சண்டை. பெரியப்பா வீட்டுக்குப் போக வேண்டுமென்று தம்பி அழுதுகொண்டே தூங்கினான். சரியாக அந்த நேரத்தில் நைனாவும் நூல் கட்டோடு வந்து சேர்ந்தார்.

“அவன் எதிர்லயே சண்ட போட்ட இல்ல நீ. இப்ப அனுபவி” என்றார் அம்மாவிடம்.

“நானா போட்டேன்? லீவு இல்ல, டப்பு இல்லன்னு குதிச்சது யாரு?”

“பேஜாரு பண்ணாத. காலைல கருவாட்டுக்காரங்க இந்தப் பக்கம் வந்தாங்களா?”

வந்திருந்தார்கள். பழவேற்காட்டிலிருந்து இரண்டு பெண்கள். அவர்கள் பின்னாலேயே பஸ் நிறுத்தம்வரை போய் யாரோடாவது ஏறியிருப்பான் என்று முடிவானது. நைனா சட்டைகூட மாற்றாமல் ஆரம்பாக்கத்துக்குப் பஸ் ஏறினார். கார் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். தார்பாய் இறுக்கிக் கட்டியிருந்தது. அவருடைய மனது அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவோ கதவைத் தன் கையாலேயே சாத்தியவள். மூடிய இடத்தில் பிள்ளை எப்படி இருக்கும்?

தெரு ஆட்கள் சிலர் ஓடிப்போய், பஸ்ஸுக்கு நின்றிருந்த அந்தக் கருவாட்டுக்காரப் பெண்களைப் பிடித்துக் கூடையைக் கொட்டச் சொன்னார்கள். அதில் பெரியவள் கூடையைக் கவிழ்த்துவிட்டு, “நல்லா பாத்துக்கோ. வாலு மொளச்ச புள்ள எதுனா கீதா?” என்று கேட்டாளாம். அடுத்து யாரோ ஏரி என்று சொன்னதும், கொட்டிய கருவாட்டை அப்படியே விட்டுவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலில் தண்ணீரில் இறங்கியதும் அவள்தான். காயலில் பிழைப்பவள், தண்ணீருக்குள் எப்படித் தேடுவதென்று அவளுக்குத் தெரியும். அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அம்மாவும் ஏரிக்கரைக்கு ஓடினாள். என்னை அத்தையோடு எங்கள் வீட்டிலேயே விட்டார்கள்.

நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று பல முறை யோசித்திருக்கிறேன். நைனா ஊடு என்றால் எது என்று அந்தத் தெருவில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சொன்னால் யார் அனுப்பியது என்பார்கள். ஏன் அனுப்பினாய் என்பார்கள். ஊசி வெளியே வரும். அதோடு, காரில் அவன் இருந்தால் இந்நேரம் இறங்கி வந்திருப்பான் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதவு என்றால் உள்ளே இருப்பவன் திறக்கலாம்தானே.

ஒன்றரை மணி இருக்கும். நான் அழுவதைப் பார்த்து, தம்பிக்காக அழுகிறேன் என்று நினைத்த அத்தை, “போய் மூஞ்சி கழுவிக்கினு வாம்மா” என்றாள். பின்பக்கம் போனேன். தொட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பேசின். மண்ணெண்ணெய்க்கு அடியில் இரண்டு கைப்பிடிகள், இரண்டு கண்ணாடிப் பிடிகள். துரு உதிர்ந்து பளபளவென்று இருந்தன.

உள்ளே ஓடினேன்.

“அத்தே, நைனா ஊடுன்னா ஆரம்பாக்கம் இல்ல.”

“பின்ன?”

“காரு. நாந்தான் போவச் சொன்னேன். உள்ள தொறக்க ஒண்ணுமே இல்ல அத்தே.”

அவள் காரை நோக்கி ஓடினாள். அம்மா போட்ட முடிச்சு அவிழவில்லை. அத்தை நைனாவின் ரெக்சின் வெட்டும் கத்தியை எடுத்துவந்து கயிற்றை அறுத்தாள். அறுத்துக்கொண்டே, “ஏசப்பா, ஏசப்பா” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்ததும் சூடும் சொல்யூஷன் வாடையும் முகத்தில் அடித்தன. விரிப்புக் குவியலில் அவன் இல்லை. எனக்கு அந்த ஒரு கணம் இன்னும் கனவில் வரும்.

அவன் தரையில் குப்புறக் கிடந்தான். முகம் அந்தத் துரு ஓட்டையின் மேல் இருந்தது. ஒரு கை ஓட்டை வழியாக வெளியே தொங்கி, விரல்கள் மண்ணைத் தொட்டிருந்தன. சட்டை பிழிந்தெடுக்கலாம்போல் நனைந்திருந்தது. அத்தை அவனை இழுத்து மடியில் போட்டு முகத்தில் தண்ணீர் தெளித்தாள். வாந்தி எடுத்தான். கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, தொண்டை கம்மிய குரலில் புகார் சொன்னான்.

“கதவுக்குக் காதே இல்ல.”

சட்டிக்குக் காது உண்டு, குண்டானுக்குக் காது உண்டு. கதவின் கைப்பிடியும் அவனுக்குக் காதுதான். அதைத் தேடி இரண்டு பக்கமும் தடவியிருக்கிறான், தட்டியிருக்கிறான், கத்தியிருக்கிறான். தெருவே ஏரிக்கரையில் இருந்தது. தார்பாய்க்குள்ளிருந்து வந்த சத்தம் லாரிகளின் இரைச்சலில் எனக்கும் அத்தைக்கும் கேட்கவில்லை. பிறகு சோர்ந்து, குளிர்ச்சியாக இருந்த இடத்தைத் தேடிப் போய்ப் படுத்துவிட்டான். கதவைச் சுற்றியிருந்த பழைய ரப்பர் பட்டைகளை எல்லாம் நைனா இரண்டு நாள் முன்புதான் பிடுங்கிப் போட்டிருந்தார். அந்த இடுக்குகளும் அந்த ஓட்டையும் இல்லாவிட்டால் என்று மறுநாள் செங்குன்றத்து டாக்டர் ஆரம்பித்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அம்மா ஏரிக்கரையிலிருந்து ஓடி வந்தாள். கட்டிப் பிடித்து அழுவாள் என்று நினைத்தேன். அவள் முதலில் வண்டியைப் பார்த்தாள். திறந்திருந்த கதவைப் பார்த்தாள். பிறகு தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அதன் பிறகுதான் அவனை வாங்கினாள். என்மேல் கோபத்தில்தான் அன்று முழுக்க அவள் என்னிடம் பேசவில்லை என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கே பிள்ளை பிறந்த பிறகுதான் அந்தக் கையைப் பார்த்த பார்வை புரிந்தது. கதவைச் சாத்தியது யார் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. காற்றில் மூடியிருக்கும் என்று தெருவே பேசிக்கொண்டது. அம்மாவும் அப்படியே விட்டுவிட்டாள். நானும் வாய் திறக்கவில்லை. அவனை அனுப்பியது நான்தான் என்று அத்தை கடைசிவரை அம்மாவிடம் சொல்லவில்லை. ஆளுக்கொன்றாக மூடி வைத்துக்கொண்டோம்.

வண்டி சொன்ன நாளுக்குள் முடிந்து போய்விட்டது. எல்லாவற்றுக்கும் முன்னால் நைனா மாட்டியது கைப்பிடிகளைத்தான். தம்பி இப்போது மூன்று பிள்ளைகளுக்கு அப்பா, எண்ணூர் பக்கம் வேலை. அவனுக்கு அந்தப் பகலில் ஒன்றும் நினைவில்லை. நான் சொன்னால், “அந்தக் காரு இப்ப இருந்தா எவ்ளோ போவும் தெரியுமா?” என்கிறான்.

ஆனால் அன்றைய பகல் அத்தோடு முடியவில்லை. தம்பி கிடைத்துவிட்டான் என்ற செய்தி நைனாவுக்குத் தெரியாது. சொல்ல அனுப்பிய ஆள் ஆரம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் அவர் அங்கிருந்து கிளம்பிவிட்டார். பெரியப்பா வீட்டில் பிள்ளை இல்லை என்றதும், ஒவ்வொரு நிறுத்தமாக இறங்கி விசாரித்துக்கொண்டு திரும்பியிருக்கிறார். கும்மிடிப்பூண்டியில் பட்டறை ஆட்களையும் கேட்டிருக்கிறார். நாங்கள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். நாலு மணி பஸ்ஸில் வரவில்லை. ஐந்து மணி பஸ்ஸில் ஒருவர் வந்து, உங்க ஊட்டுக்காரர் எங்ககூடத்தான் இறங்கினார் என்றார். நிறுத்தத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏரிக்கரை வழியாகப் பத்து நிமிட நடை. அரைமணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. அத்தையின் வீட்டுக்காரர் தேடிக்கொண்டு கரைமேல் போய்விட்டு, அங்கே யாருமே இல்லை என்று திரும்பி வந்தார். இப்போது இவரைத் தேட வேண்டுமா என்று அம்மா எழுந்தாள்.

விளக்கு வைத்த பிறகு பின்வாசலில் சத்தம் கேட்டது. நைனா நின்றிருந்தார். முழங்கால்வரை வயல் சேறு. செருப்பு இரண்டும் கையில். உள்ளே தம்பி தயிர்ச்சோற்றைப் பிசைந்து தானே தின்றுகொண்டிருந்தான். நைனாவைப் பார்த்ததும், “நைனா, இவ ஊசி ஒட்ச்சிட்டா” என்றான்.

நைனா அவனையே பார்த்தார். அவன் சோறு தின்பதை, மென்று விழுங்குவதை, அடுத்த வாய் எடுப்பதை. ஊசி அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். எங்கே இருந்தான், எப்படிக் கிடைத்தான் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். சொம்பை வாங்கிக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு, படியில் உட்கார்ந்தார்.

“ஏரிக்கர வழியா வர்ல” என்றார். “அங்க கும்பலு நின்னுக்கினு இருந்தா இன்னா பண்றதுன்னு, வயல்ல எறங்கி சுத்திக்கினு வந்தேன். அதான் லேட்டு.”